64 பிட் செயலியில் மட்டும் நொறுங்கிய பாலம்

திருகோணமலைக் கடற்கரையில் நீர்மட்டம் அளக்கும் கருவிக்கான சி நூலகத்தைப் பைதான் நிரலுடன் சிடைப்ஸ் (சி செயற்கூறுகளைப் பைதானிலிருந்து அழைக்க உதவும் தொகுதி) இணைக்கிறது. 32 பிட் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் சீராக ஓடிய அந்த நிரல், 64 பிட் இயங்குதளத்தில் முதல் அழைப்பிலேயே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தவறான நினைவக அணுகல்) என்று நின்றது.

சி, பைதான் இரு பக்கமும் நினைவக முகவரியை அச்சிட்டுப் பார்த்தேன். சி தந்த நீண்ட முகவரியின் கடைசி 8 பதினறும இலக்கங்களே பைதானை வந்தடைந்திருந்தன. செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பின் வகையை அறிவிக்காவிட்டால் சிடைப்ஸ் அதை 4 பைட் முழு எண்ணாகவே கொள்ளும். 64 பிட்டில் சுட்டிக்கோ (நினைவக முகவரியைத் தாங்கும் மதிப்பு) 8 பைட் வேண்டும்.

ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் 'ரெஸ்டைப்' (திரும்பும் மதிப்பின் வகை), 'ஆர்க்டைப்ஸ்' (அனுப்பும் மதிப்புகளின் வகைகள்) இரண்டையும் எழுதியதும் நொறுங்கல் நின்றது. 4 பைட்டில் அடங்கும் தாழ்ந்த முகவரி தற்செயலாகக் கிடைத்தால் இப்பிழை ஒளிந்துகொள்ளும் என்பதால், நொறுங்கவில்லை என்பதோடு திருப்தியடையாமல், அனுப்பிய முகவரியே திரும்புகிறதா என்று ஒப்பிடும் சோதனையைக் கியூஎமு (பிற செயலிகளைப் போல் இயங்கிக் காட்டும் மென்பொருள்) வழியாக ஒவ்வொரு செயலி வகைக்கும் இப்போது ஓட்டுகிறேன்.