முதல் நாவலைத் தாமே வெளியிடுவோர் கவனத்திற்கு

முதல் நாவலைத் தாமே வெளியிட விரும்புவோர், அட்டைப்படத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, கைப்பிரதி முழுவதும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே பதிவேற்றினால் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் எழுத்துகள் சிதைந்து தெரியும். மாற்றிய பிறகும் ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’ என்ற எழுத்துமே உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதால், வரிவரியாக மெய்ப்புப் பார்ப்பதில் சலிப்படையவே கூடாது.

மின்னூலில் வாசகர் எழுத்தின் அளவை மாற்றிக்கொள்வதால், பக்க அமைப்பு முழுவதும் உறுதியான தனிக் கோப்பு அச்சுக்குத்தான் தேவை. பக்க எண்ணிக்கையும் தாளின் தடிமனும் முடிவான பிறகே புத்தக முதுகின் அகலம் தெரியும். ஆகவே முழு அட்டையைக் கடைசியில் வடிவமைப்பதே நல்லது. இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எனப்படும் பன்னாட்டுத் தர நூல் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. அச்சு நூலின் எண்ணை மின்னூலுக்குப் பயன்படுத்தக் கூடாது. கிண்டில் மின்னூலுக்கு அந்த எண் கட்டாயமும் இல்லை. அமேசானின் தன்வெளியீட்டுச் சேவையான கே.டி.பி.யின் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது என்றாலும், அச்சு நூலுக்கு அந்தத் தடை கிடையாது.