கூடாரம் வாங்கியாயிற்று, இனி? கொழும்பிலிருந்து காட்டுக்குப் போகும் புதியவர்களுக்கு

போயா விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் போதும், கொழும்பில் பாதிப் பேர் கூடாரத்தோடு மலையேறுகிறார்கள். அதில் சிலர் ஒலிபெருக்கியையும் போத்தல்களையும் தூக்கிக்கொண்டு போய், விடிய விடியக் கூத்தடித்துவிட்டுக் குப்பையை அங்கேயே விட்டுவருகிறார்கள். காவலர்கள் நம்மையும் முறைத்துப் பார்ப்பது இவர்களால்தான்.

கூடாரம் அடிப்பதைப் பற்றி எழுதப்போவதில்லை. அதை வீட்டு முற்றத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

படி 1: அனுமதி. யால, வில்பத்து, ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்கள் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. நக்கிள்ஸ் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியது. இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில்தான் என்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். ஒன்றின் அனுமதி மற்றதில் செல்லாது. பூங்காக்களில் குறித்துவிட்ட முகாமிடங்களில் மட்டுமே தங்கலாம். "உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வோம்" என்ற பேச்சே வேண்டாம்.

படி 2: பொதி. ஹோர்ட்டன் நுழைவாயிலில் பையைத் திறந்து பொலித்தீனைக் களைந்துவிடுவார்கள். வீட்டிலேயே பிஸ்கட்டை டின்னில் போட்டு, சோற்றை லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாளுக்குப் பதிலாக வாழையிலையில் கட்டிவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். அங்கே மரைகள் மனிதரிடம் தீனிக்குப் பழகிவிட்டன. வாகனத்தருகே வந்து நிற்கும். கொடுக்காதீர்கள். உணவு மணக்கும் பொலித்தீனையும் அவை சேர்த்தே விழுங்கிவிடும்.

படி 3: நெருப்பு. மூட்டாதீர்கள். வரட்சிக் காலத்தில் பத்தனைப் புல், அதாவது மலைப் புல்வெளிகளின் புல், ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். கரி அடுப்பில் கோழி சுடும் ஆசையைக் கொழும்பு மொட்டைமாடியில் தீர்த்துக்கொள்ளலாம். என் தேர்வு சிறிய கேஸ் அடுப்பு. அதையும் கல்லின்மேலோ வெறும் மண்ணிலோதான் வைக்க வேண்டும்.

படி 4: மலம் கழித்தல். யாரும் வாய் திறந்து சொல்லித்தராத படி இதுதான். முகாமிடத்தில் கழிப்பறை இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஓடையிலிருந்து குறைந்தது 60 மீற்றர் தள்ளிப் போங்கள். 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் குழி வேண்டும். புல்வெளியில் குச்சியால் கிண்டினால் ஒன்றும் நடக்காது. வேர்கள் பாய் முடைந்ததுபோல் இறுகிக் கிடக்கும். பூச்செடிக்கு மண் அள்ளும் இரும்புக் கரண்டியின் விளிம்பால் நாற்புறமும் கீறி, புல்லை வேரோடு ஒரே கட்டியாகப் பெயர்த்து ஓரமாக வையுங்கள். அதன்கீழ் கறுத்த, பொலபொலத்த மண் வரும். மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் புழுக்களும் அதிகம் இருப்பது அந்த அடுக்கில்தான். வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி, புற்கட்டியை மேலே பொருத்தி மிதித்துவிடுங்கள். பிளாஸ்டிக் கரண்டி வாங்காதீர்கள், முதல் கல்லிலேயே முறிந்துவிடும். ஈரத் துடைதாளைப் புதைக்கக் கூடாது. பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். மூடியுள்ள டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பிற்சேர்க்கை: யாலவில் இரவு தங்கும்போது பழங்களைக் கூடாரத்துக்குள் வைக்கலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஜீப்புக்குள் தும்பிக்கையை விட்டு உணவு தேடிப் பேர்வாங்கிய கெமுனு என்ற கொம்பன் யானை அந்தப் பூங்காவைச் சேர்ந்ததுதான். கூடாரத் துணி அதற்கு ஒரு தடையே அல்ல. பழங்களை மூடி இறுகிய பெட்டியிலிட்டு வாகனத்துக்குள் வைத்து, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிடுங்கள். மாம்பழமும் வாழைப்பழமும் கொண்டுபோகாமலே விட்டால் இன்னும் நல்லது.