நாயோடு முதல் மலைநடை: எங்கே திரும்ப வேண்டும்?

களைத்துவிட்டேன் என்று நாய் காட்டிக்கொள்ளாது. நீங்கள் நடக்கிற வரை பின்னாலேயே வரும், முடியாமல் போனதும் அப்படியே படுத்துவிடும். 20 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்க முடியுமா என்று யோசித்துவிட்டுத் தூரத்தை முடிவுசெய்யுங்கள். தினமும் அரை மணி நேரம் நடக்கும் நாய்க்கு முதல் தடவை போக வர 4 கிலோமீட்டர் போதும். எலும்பு முற்றாத குட்டிக்கும், பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கும் ஏற்றமே வேண்டாம்.

1. முந்தின நாளே, நடக்கப்போகும் பூங்காவின் விதிகளைப் பாருங்கள். நாய்க்கு அனுமதி உண்டு என்றால் எல்லாப் பாதையிலும் உண்டு என்று பொருளில்லை. லீஷ் (நாயைப் பிடித்துக்கொள்ளும் கயிறு) 6 அடிக்குள், நீளம் மாறாததாக இருக்கட்டும். இழுக்க இழுக்க நீளும் ரகம் புதரில் சிக்கும். முயலைக் கண்டு நாய் பாய்ந்தால் அந்த மெல்லிய கயிறு உங்கள் கையை அறுத்துவிடும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் அக்குளில் உராய்ந்து புண்ணாகும், நாய் பின்வாங்கினால் கழன்றும் போகும்.

2. வயிறு முட்டச் சாப்பிட்ட நாயை ஓடவிடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

3. வீட்டில் சும்மா இருக்கும் நாளிலேயே நாய்க்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை. ஆகவே 20 கிலோ நாய்க்கென்று தனியாக ஒரு லிட்டர் எடுங்கள். கால் மணிக்கு ஒருதரம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்த இடத்தில் திரும்பிவிடுங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். பாசி படர்ந்த குட்டையில் வாய் வைக்க விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியில் சில வகை நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும்.

4. புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

5. நடக்கும்போது நாக்கைக் கவனியுங்கள். நாய்க்குப் பாதத்தில் மட்டுமே வியர்க்கும், உடம்புச் சூடு பெரும்பாலும் மூச்சிரைப்பில்தான் தணியும். நாக்கு நுனி கரண்டிபோல அகன்று தொங்கினால் உடனே நிழலில் உட்காருங்கள். எச்சில் கெட்டியாகி, ஈறு அடர்சிவப்பாகி, கால் தள்ளாடினால் வெப்பவாதம்தான். இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். உடம்பு குளிரத் தொடங்கியதும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

6. மலத்தைப் பையில் அள்ளிக் கையோடு கொண்டுவாருங்கள். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்த பை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

7. வண்டியில் ஏற்றும் முன் காதின் பின்புறம், அக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். மிளகுபோல ஏதாவது தட்டுப்பட்டால் உண்ணி. கூர்முனை ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுங்கள். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சி வைப்பதும் வேண்டாம். மறுநாளும் ஒருமுறை தடவிப் பாருங்கள், ரத்தம் குடித்து ஊதிய பிறகுதான் சில கையில் படும்.