லாட்டரி மெயிலும் வாய் திறக்காத மாமாவும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். சொந்த மாமா இல்லை, தெருவுக்கே மாமா. டர்பனில் ஒரு துணி ஃபேக்டரியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர், கடையில் ஐம்பது சென்ட் மீதி குறைந்தாலும் திரும்பிப் போய்க் கேட்டு வாங்குகிறவர். அவர்தான் லாட்டரி மெயில் ஒன்றை நம்பி 9,400 ராண்ட் கொடுத்துவிட்டு நாலு மாசம் யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தார். அதனால், இதில் மாட்டுகிறவர்கள் எல்லாம் பேராசைக்காரர்கள், விவரம் கெட்டவர்கள் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தப்பு நடப்பது முதல் மெயிலைப் படிக்கும்போது இல்லை, அதற்கு அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக நடக்கிற சின்னச் சின்ன காரியங்களில்தான்.

அந்த மெயிலை அவரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். லண்டனில் நடந்த குலுக்கலில் உங்கள் மெயில் முகவரிக்கு 850,000 பவுண்ட் விழுந்திருக்கிறது, சீட்டு எதுவும் வாங்கியிருக்கத் தேவையில்லை, கம்ப்யூட்டரே பொறுக்கி எடுத்தது என்கிறது. கீழே பேட்ச் நம்பர், ரெஃபரன்ஸ் நம்பர், சீரியல் நம்பர் என்று ஒரு பட்டாளம். நம்பர் நிறைய இருந்தால் ஏதோ பெரிய ஆபீஸ் மாதிரித் தெரியும், அதற்காகத்தான் அது. ஆனால் 'பெறுநர்' என்கிற இடத்தில் மாமாவின் முகவரியைக் காணோம். அதே மெயில் இன்னும் எத்தனையோ பேருக்கு மறைநகலாகப் போயிருக்கும். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ் லாட்டரியின் பெயர் ஜம்மென்று நிற்கிறது, பதில் அனுப்புகிற பட்டனைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஒரு ஜிமெயில் முகவரி வந்து விழுகிறது. பெயர் இருக்கிற இடத்தில் யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம், அதைப் பார்த்து நம்புவதுதான் முதல் தவறு.

கம்ப்யூட்டரில் ஜிமெயில் பார்க்கிறவர்கள் மெயிலின் மூன்று புள்ளியை அமுக்கி 'ஷோ ஒரிஜினல்' போனால், மெயில் எங்கிருந்து வந்தது என்று சோதிக்கிற எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று இரண்டு வரி தெரியும். அங்கே 'பாஸ்' என்று வந்தால் மெயில் நல்லது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த டொமைனிலிருந்து, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற பெயரிலிருந்து, வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. திருடன் சொந்தக் காசில் 'லாட்டரி' என்ற சொல் வருகிற மாதிரி ஒரு டொமைன் வாங்கியிருந்தால் அவனுக்கும் பாஸ்தான்.

இன்னொன்று, இங்கிலீஷில் தப்பு இருந்தால் மோசடி, சுத்தமாக இருந்தால் நிஜம் என்கிற பழைய கணக்கு. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த கார்மாக் ஹெர்லி 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்த மெயில்கள் அவ்வளவு அபத்தமாக இருப்பதே மோசடிக்காரர்களுக்கு வசதி, சந்தேகப்படுகிறவர்கள் அப்போதே சிரித்துவிட்டு விலகிவிடுவார்கள், மிச்சம் இருப்பவர்களோடு மட்டும் அவர்கள் நேரம் செலவழித்தால் போதும் என்பது அவர் வாதம். படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாம் சிரித்துக்கொண்டே அழிக்கிற மெயில் நமக்காக எழுதப்பட்டதே இல்லை. இப்போதோ ஏஐ வைத்துப் பிழையே இல்லாமல் எழுதுகிறார்கள், ஆகவே எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. உலகத்தில் எந்த நிஜ லாட்டரியும் மெயில் முகவரிகளைக் குலுக்கிப் பரிசு கொடுப்பதில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுத் தேசிய லாட்டரியான லாட்டோ 2000இல் தொடங்கியது, சீட்டு வாங்கியவர்தான் 365 நாளுக்குள் போய்ப் பரிசைக் கேட்க வேண்டும். பேங்க் ஆப்பில் விளையாடுகிறவர்களுக்கும் தாங்கள் விளையாடியது தங்களுக்கே தெரியும்.

சரி, 'என்னதான் சொல்கிறான் பார்க்கலாம்' என்று மாமா ஒரு வரி பதில் போட்டார். விளையாட்டுக்குப் போட்டாலும் சரி, திட்டிப் போட்டாலும் சரி, பதில் போன நொடியில் இந்த முகவரிக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து படிக்கிறார் என்பது அவர்களுக்கு உறுதியாகிவிடுகிறது. அந்த முகவரியை அவர்கள் மற்றவர்களுக்கும் விற்பார்கள். அழித்துவிடுவதோ ஸ்பேம் என்று தள்ளுவதோ போதும். 'சந்தா நீக்கு' என்று அடியில் இருக்கிற லிங்க்கைக்கூடத் தொட வேண்டாம்.

அடுத்து ஃபார்ம் வந்தது. ஐடி புத்தகத்தின் நகல், வீட்டு முகவரிக்கு ஒரு பில், பேங்க் விவரம். இதில் மாமாவை நான் குறை சொல்லவே மாட்டேன். ஃபிக்கா என்கிற கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் வந்ததிலிருந்து இந்த நாட்டில் பேங்கில் கணக்கு வைப்பதற்கு ஐடியும் தண்ணீர் பில்லும் நீட்டி நீட்டி நமக்குப் பழகிவிட்டது, யாராவது கேட்காவிட்டால்தான் சந்தேகம் வருகிறது. ஆனால் அந்த இரண்டு தாளையும் வைத்து உங்கள் பெயரில் கடன் வாங்கலாம், போன் கான்ட்ராக்ட் எடுக்கலாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் எஸ்ஏஎஃப்பிஎஸ் என்கிற மோசடித் தடுப்பு அமைப்பில் உங்கள் ஐடியை இலவசமாகப் பதிந்து வைக்கலாம், அப்புறம் யாராவது உங்கள் பெயரில் கடன் கேட்டால் கொடுக்கிறவர்களுக்கு எச்சரிக்கை தெரியும்.

காசு கேட்டது அதற்குப் பிறகுதான். 'கிளியரன்ஸ் சான்றிதழ்' என்று 1,400 ராண்ட். பயங்கரவாதத்துக்கும் போதைப்பொருளுக்கும் சம்பந்தம் இல்லாத பணம் என்று ஒரு சான்றிதழாம். பிறகு வரி என்று 3,000, கடைசியில் கூரியர் இன்ஷூரன்ஸ் என்று 5,000. மாமா கணக்குக்காரர் இல்லையா, அவரே கேட்டிருக்கிறார்: "பரிசுத் தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்களேன்." அதற்கு வந்த பதில், தொகை முழுதும் இன்ஷூரன்ஸ் பாண்டில் பூட்டப்பட்டிருக்கிறது, ஒப்படைக்கும் வரை யாரும் தொட முடியாது. எவ்வளவு அழகாகத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே அவர் நின்றிருக்கலாம். எந்த நிஜ லாட்டரியும் பரிசைக் கொடுக்க முன்பணம் கேட்காது. போதாததற்கு நம் நாட்டு லாட்டோ பரிசுக்கு வருமான வரியே கிடையாது. பணத்தை எந்த வழியில் கேட்கிறார்கள் என்றும் கவனியுங்கள். வவுச்சர் பின் நம்பர், ஈ-வாலட், கிஃப்ட் கார்டு, கிரிப்டோ என்று கேட்பதெல்லாம் ஒரே காரணத்துக்குத்தான், ஒருமுறை போனால் திரும்ப இழுக்க முடியாது.

நடுவில் ஒரு நாள் 'முதல் தவணை போட்டாச்சு' என்று பணம் செலுத்திய ரசீது ஒன்று பிடிஎஃப் வடிவில் வந்தது. ரசீதை யாரும் வீட்டிலேயே தயாரிக்கலாம், உங்கள் பேங்க் ஆப்பில் மீதி ஏறியிருந்தால்தான் பணம் வந்ததாக அர்த்தம். செக் அனுப்புகிறேன் என்று சொன்னால் பொய்யைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம், தென்னாப்பிரிக்காவில் 2020 டிசம்பரோடு பேங்க்குகள் செக் வாங்குவதையே நிறுத்திவிட்டன. அதைவிட மோசமானது நிஜமாகவே கணக்கில் பணம் ஏறுவது. அது உங்களைப் போல ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருக்கும். 'தவறிப் போட்டுவிட்டோம், இந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்' என்பார்கள், மாற்றினால் போலீஸ் தேடி வருவது உங்களை. நீங்களாக மாற்றாமல் பேங்குக்குச் சொல்லுங்கள்.

இதைப் பேச ஆரம்பித்தாலே எங்கள் தெருவில் 'நைஜீரியாக்காரன் வேலை' என்று முடித்துவிடுவார்கள். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவிலிருந்து இந்த மோசடிக்கு '419' என்கிற பெயர் ஒட்டிக்கொண்டது உண்மைதான், ஆனால் இதே தந்திரம் 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே கடிதமாகச் சுற்றியிருக்கிறது. 2010இல் கால்பந்து உலகக் கோப்பை இங்கே நடந்தபோது அதன் பெயரிலேயே லாட்டரி மெயில்கள் கொட்டின. திருடனின் நாட்டை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், நம்ம ஊர் உச்சரிப்பில் அன்பாக ஒருவன் போன் பண்ணும்போது ஏமாந்துபோவோம். மாமாவிடம் பேசியவன் அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிட்டானாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது அந்த மெயிலின் கடைசி வரி. 'இரட்டை உரிமைகோரலைத் தவிர்க்க, பரிசு கைக்கு வரும்வரை இதை ரகசியமாக வைத்திருக்கவும்.' மாமா இதை அப்படியே கடைப்பிடித்தார். மனைவியிடம் சொல்லவில்லை, கேப்டவுனில் இருக்கிற மகளிடம் சொல்லவில்லை. வந்த பிறகு எல்லாரையும் ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான் முதலில் இருந்திருக்கிறார், 1,400 போன பிறகு சொல்ல வெட்கம், 4,400 போன பிறகு விட்ட காசைப் பிடிக்கலாம் என்ற ஆசை. அந்த வரி இல்லையென்றால், அத்தை ஒரே ஒரு தடவை 'நீங்க எப்ப லண்டன்ல சீட்டு வாங்கினீங்க?' என்று கேட்டிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். ரகசியமாக வைக்கச் சொல்கிற எந்தப் பண விஷயத்தையும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் விவரமானவராக இருக்கக்கூடத் தேவையில்லை, சத்தமாகச் சொல்லும்போது நம் காதிலேயே அது உளறலாகக் கேட்கும்.

பணம் போய்விட்டதென்றால் முதலில் பேங்கின் மோசடிப் பிரிவுக்குப் போன், மணிக்கணக்கில் யோசிக்காமல். பிறகு போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்குங்கள். ஆத்திரத்தில் மெயில்களை அழித்துவிட வேண்டாம், ரசீது, போன் நம்பர், மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மாமா பாதியை அழித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார், பணமும் திரும்பவில்லை.

போன வாரம் அவருக்கு இன்னொரு மெயில். லாட்டரி மோசடியில் இழந்ததை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் 1,200 ராண்ட் மட்டும். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இப்படி இரண்டாவது சுற்று வருவார்கள், அதே ஆட்களாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இந்தத் தடவை மாமா செருப்புகூடப் போடாமல் போனை நீட்டிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார், பின்னாலேயே அத்தையும். "தம்பி, இவன் மறுபடியும் வந்துட்டான், பாரு."