ஆளில்லாத கட்டிடத்தைக் கதைக்குள் கொண்டுவருவது எப்படி?

"ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பாழடைந்த மில் இருந்தது." துப்பறியும் கதை எழுத உட்காருகிற எல்லோரும் ஒரு முறையாவது எழுதிப் பார்க்கிற வரி. கடத்திய பெண்ணை எங்கே வைப்பது? பாழடைந்த மில். பணப்பெட்டி எங்கே கைமாறும்? அதே மில். எழுதுகிறவருக்கு இதில் ஏகப்பட்ட சவுகரியம். சாட்சி கிடையாது, ரோந்து கிடையாது, சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்க எதிர்வீட்டு மாமியும் கிடையாது.

கதை சென்னையில் நடந்தால் இந்தச் சவுகரியம் எடுபடாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் மாதிரி ஊரில் எடுபடும். அங்கே 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2010-இல் 7 லட்சம் சொச்சமாகக் குறைந்துவிட்டது. கிடங்கும் வீடும் உண்மையிலேயே திறந்து கிடந்தன. சென்னையின் நிலைமை நேர்மாறு. 2011 கணக்கெடுப்பின்போது பழைய மாநகராட்சி எல்லையான 174 சதுர கிலோமீட்டருக்குள் 46 லட்சம் பேர் இருந்தார்கள். கால் கிரவுண்டு சும்மா கிடந்தாலே ஓர் இஸ்திரி வண்டியும் ஒரு தேநீர்க் கடையும் முளைத்துவிடும் ஊர் இது.

அண்மையில் நான் எழுதி முடித்த குறுநாவலில், நாயகி புரசைவாக்கத்தில் ஓர் இரவு முழுக்க ஒளிந்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக நான் வகுத்துக்கொண்ட வழிமுறைதான் இந்தப் பதிவு. கதைக்கரு, பாத்திர வார்ப்பு, யார் பார்வையில் கதை சொல்வது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேராகக் கட்டிடத்துக்குப் போய்விடலாம்.

படி 1: பூட்டு யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

சென்னையில் காலியாகக் கிடக்கும் எந்தக் கட்டிடத்துக்கும் உரிமை கொண்டாட ஆள் இருக்கிறார். பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்; அதனால்தான் அது காலியாகவே கிடக்கிறது. உங்கள் கட்டிடத்தின் சுவரில் ஒரு வரி எழுதும் முன் இந்த ஆட்களை எழுதிக்கொள்ளுங்கள். கதையின் பாதி அவர்களிடம் இருக்கிறது.

காரணங்கள் பலவகை. ஒன்று, வேலை வேறு இடத்துக்குப் போய்விடுவது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மத்தியச் சிறையிலிருந்து கைதிகள் 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். கட்டிடத்தை 2009-இல் இடித்தார்கள். இடிப்பதற்கு முன் பொதுமக்களை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள். ஊரின் நடுவில் ஒரு வெறும் சிறைச்சாலை இருந்த அந்த இடைக்காலத்தில் எத்தனை கதை எழுதலாம்!

இன்னொன்று ஆலை மூடல். பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் அது சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போனது. திரையில் ஈ காக்கை இல்லாமல் தெரிந்த மில்லில், கேமராவுக்குப் பின்னால் நூறு பேர் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருப்பார்கள். நம் தலைக்குள் இருக்கும் "பாழடைந்த மில்" படிமத்தில் பெரும்பகுதி இப்படி வாடகைக்கு எடுத்ததுதான். அதோடு, மூடிய ஆலையைச் சுற்றி அதில் வேலை பார்த்த குடும்பங்கள் அப்படியே குடியிருக்கும். எந்த மதில் எங்கே தாழ்வு என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் நின்றுபோன நோக்கியா ஆலை போன்றவை வேறு வகை. நிறுவனம் வெளியேறிய பிறகும் வேலி இருக்கும், வேறொருவர் வாங்குகிற வரை காவலும் இருக்கும்.

மூன்றாவது, சட்டம் போட்ட பூட்டு. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே அதன் ஜோடிக் கட்டிடம் நிமிர்ந்து நின்றது. 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்க்கும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது ஆளில்லாமல் இருந்தது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு நடந்தது; இடிக்கக் கூடாது என்று 2010-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் சாலையில் அது வெறிச்சோடி நின்றது. மறைவிடம் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

என் விருப்பம் நான்காவது வகை: பாகப்பிரிவினை. அப்பா ஓர் உயில் எழுதினார்; மூத்தவர் அது செல்லாது என்கிறார்; இளையவர் அமெரிக்காவில் இருக்கிறார்; மகளிடம் யாரும் கையெழுத்தே கேட்கவில்லை. சென்னை நகருக்குள் இருக்கும் வீட்டை இந்து ஒருவர் உயிலில் எழுதிவைத்தால், நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று) வாங்கினால்தான் அது செல்லுபடியாகும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் இந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் கதை 2000-களில் நடந்தால், ஒரு புரசைவாக்கம் வீடு பதினைந்து ஆண்டு பூட்டிக் கிடக்க இதுவே போதும். மதிலில் சிவப்புப் பெயிண்ட்டில் "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்று ஒரு வரி எழுதிவிட்டால், சென்னை வாசகருக்கு மீதி புரிந்துவிடும்.

படி 2: எத்தனை ஆண்டுப் பாழ்?

சிலந்தி வலையை விட்டுவிடுங்கள். அது என் வீட்டுப் பரணிலும் இருக்கிறது.

முதலில் கட்டிடம் எதனால் ஆனது என்று தீர்மானியுங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால், தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் பிடித்திருப்பார்கள். மாடியின் மழைநீர்க் குழாய் இலைதழையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் நுனிதான் முதலில் இற்றுப்போகும். ஆகவே கூரை நடுவில் ஓட்டை விழாமல் சுவரோரமாகச் சரியும். உங்கள் நாயகி சுவரை ஒட்டி நடப்பது பாதுகாப்பு என்று நினைத்தால் அங்கேதான் ஆபத்து. கான்கிரீட் கட்டிடம் என்றால், உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து அடிக்காரையைத் தள்ளும். பாளம் பாளமாக விழும். உப்புக்காற்று படும் திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இது சீக்கிரம் நடக்கும்.

காலத்தைக் காட்ட என் கையில் இருக்கும் மிகச் சிறந்த பொருள் ஈ.பி. அட்டை. மீட்டர் பெட்டிக்குள் செருகி வைத்திருக்கும் அந்த வெள்ளை அட்டையில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் தேதியும் யூனிட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அட்டையைக் கவனித்துப் படித்தால் ஒரு குடும்பத்தின் கடைசி நாட்கள் தெரியும். ஏப்ரல், ஜூன் கணக்குகளில் ஏ.சி. ஓடிய எண்கள். பிறகு யூனிட் பாதியாகிறது. யாரோ ஒருவர் மட்டும் இருந்திருக்கிறார். அடுத்தடுத்த வரிகளில் ஒற்றை இலக்கம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை, மஞ்சள் படிந்த கட்டங்கள் மட்டும். ஒரு பக்க வருணனை செய்யாத வேலையை இது செய்துவிடும்.

கதை 2015 டிசம்பருக்குப் பிறகு, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் நடந்தால் சுவரில் வெள்ளக்கோடு மறவாதீர்கள். குடியிருந்த வீடுகளில் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். பூட்டிய வீட்டில் அது அப்படியே இருக்கும்.

திருட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. மோட்டாரும் பித்தளைக் குழாயும் முதலில் போகும், பிறகு செப்புக் கம்பிக்காகச் சுவரைக் கொத்தி வயரை உருவுவார்கள், கடைசியில் ஜன்னல் கம்பி. எல்லாம் காயலான் கடைக்குத்தான். தேக்குக் கதவை மட்டும் விவரம் தெரிந்தவர்தான் கழற்றுவார். கதவு இருக்கிறது, குழாய் இல்லை என்றால் வந்தது சில்லறைத் திருடன்.

படி 3: காவலாளி

எல்லாருடைய கதையும் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் இது. என்னுடையதும் இங்கேதான் பல நாள் நகராமல் நின்றது.

காலிக் கட்டிடம் என்றால் காவலாளி இருப்பார். "அன்றைக்கு வாட்ச்மேன் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்" என்று ஒரு வரியில் கடந்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். தலையில் அடித்துச் சாய்ப்பதும் வேண்டாம். இரண்டுமே கட்டிடத்தைக் காலி செய்யும் குறுக்குவழி. வாசகருக்கு அது தெரியும்.

அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சம்பளம் யார் தருகிறார்? எப்போது வெளியே போவார்? அந்த இடத்தால் அவருக்கு வேறென்ன வருமானம்?

முதல் கேள்வியிலிருந்து படி 1-இல் எழுதிய ஆட்கள் வெளிவருவார்கள். வழக்கில் இருக்கும் சொத்துக்கு இரு தரப்பும் ஆளுக்கொரு காவலாளி போட்டிருக்கலாம். ஒரே வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டாவது கேள்விக்கு விடை, பெரும்பாலும் போகவே மாட்டார். குடும்பத்தோடு பின்கட்டில் இருப்பார். கொடியில் துணி காயும், பையனின் பள்ளிக்கூடச் சைக்கிள் தூணில் சாய்ந்திருக்கும், இற்றுப்போன வாசற்கதவுக்கு முன்னால் காலையில் கோலம் விழும். ஆள் இல்லாத வீட்டு வாசலில் புதுக் கோலம் என்பது எந்தப் பேய் பங்களாவைவிடவும் கவனத்தை இழுக்கும்.

மூன்றாவது கேள்விதான் கதையை நகர்த்துகிறது. முன்வளாகத்தில் இரவில் அக்கம்பக்கத்தார் கார் நிறுத்த மாதவாடகை. தள்ளுவண்டி இட்லிக் கடைக்காரர் வண்டியை உள்ளே விட்டுப் போக ஒரு தொகை. அவர் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து எடுப்பார். ஆக, உங்கள் "ஆளில்லாத" கட்டிடத்துக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. கடைசிக் கார் எத்தனை மணிக்கு வரும், வண்டி எப்போது கிளம்பும் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில மணி நேரம்தான் உங்கள் காட்சிக்கு உரியது. இந்த நெருக்கடி, பாழடைந்த மில் தருகிற வரம்பில்லாத நேரத்தைவிட நூறு மடங்கு மேல்.

என் குறுநாவலில் இதை இப்படி அவிழ்த்தேன். காவலாளிக்கு மாதாமாதம் வங்கியில் பணம் வருகிறதே தவிர, அமெரிக்காவிலிருக்கும் இளைய மகனையோ அவர் குடும்பத்தையோ அவர் பார்த்ததே இல்லை. நாயகி இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று, "அண்ணே, நான் சின்னவரோட பொண்ணு. பெரியப்பாவுக்குச் சொல்லாதீங்க" என்கிறாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னே நடக்கிறார். காவலாளி விழித்திருக்கிறார், அவர்தான் கதவைத் திறந்துவிடுகிறார், நாயகிக்குத் தேநீர்கூடக் கிடைக்கிறது. குடும்பத்துச் சண்டை இல்லாமல் இந்தப் பொய் நிற்காது.

படி 4: விளக்கு, தண்ணீர், சத்தம்

கட்டணம் கட்டாத இடத்தில் மின்சாரம் இருக்காது. வில்லன் சுவிட்சைத் தட்டியதும் மஞ்சள் பல்பு ஆடினால், அந்த இணைப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். குழாய் வறண்டிருக்கும், மழை மாதங்களில் கிணறு மட்டும் நிரம்பியிருக்கும். தெருநாய்கள் முதல் நிமிடத்திலேயே குரைக்கும். இவை போதும், மேலே போகலாம்.

என்னென்ன கருவிகள்

கூகுள் எர்த்தைக் கணினியில் நிறுவிப் பாருங்கள், கைப்பேசியில் வேண்டாம். பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்தினால், ஒரு வீட்டின் கூரை எந்த ஆண்டு உள்ளே விழுந்தது, முற்றத்தில் மரம் எப்போது தலைகாட்டியது என்று தெரியும். ஸ்ட்ரீட் வியூ சென்னைக்கு 2022-இல்தான் வந்தது. மதில் வரைதான் காட்டும், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்துப் பழகுங்கள். ஒரு சொத்து எத்தனை கை மாறுகிறது, அடமானம் எப்படி ஏறி இறங்குகிறது என்ற நடை பிடிபடும். அதில் வரும் பெயர்களைக் கதையில் போட்டுவிடாதீர்கள். தளவரைபடத்துக்குக் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். இதற்கென்று விற்கிற செயலிகளில் கதவு வரைவதற்குள் கதை ஆறிவிடுகிறது.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் தெருவில் நின்று பாருங்கள். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய வேண்டாம். இற்றுப்போன சட்டம் உங்களை எழுத்தாளர் என்று பார்க்காது.

பின்சேர்க்கை: மொட்டை மாடியை நான் மறந்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நகருக்குள் பூட்டிக் கிடக்கும் பல கட்டிடங்களின் மேல் செல்போன் கோபுரம் இருக்கிறது. அதற்குத் தனி மின்சாரம், ஒரு டீசல் ஜெனரேட்டர், பழுது பார்க்க எந்த நேரத்திலும் வரும் ஊழியர். கோபுர வாடகை யார் கணக்குக்குப் போகிறது என்பதே ஒரு பங்காளிச் சண்டை. படி 3-இன் கால அட்டவணையில் இவரையும் சேருங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ஓ.எம்.ஆரில் பாதியில் நின்றுபோன அடுக்குமாடி என்றால் இத்தனை தொல்லை இல்லையே என்று இருவர் கேட்டிருந்தார்கள். எலும்புக்கூடாக நிற்கும் அந்தக் கட்டிடத்தில் வார நாளில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் முன்பணம் கட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு வந்து, ஏழாவது மாடியில் தங்கள் பால்கனி எது என்று குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுப் போவார்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்கு இருக்கும். வழக்குக்காக யாராவது ஒருவர் வாராவாரம் எல்லா மாடிகளையும் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். உங்கள் பணப்பெட்டி சனிக்கிழமை இரவே இடம் மாற வேண்டும்.