ஓடையின் அடியைச் சுரண்டாதீர்கள்

தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குக் கீழே, ஓடை மெதுவாக ஓடும் இடத்தில் கால் வைத்தால் வழுக்கும். மண்மேல் பழுப்பாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். அழுக்கு என்று அதை மண்வெட்டியால் வழித்தெறிவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

அந்தப் படலத்துக்கு உயிர் உண்டு. சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம்கள் என்னும் நுண்பாசிகள், நூல்நூலாக வளரும் சயனோபாக்டீரியா, இன்னும் பல பாக்டீரியாக்கள் அதில் சேர்ந்து வாழ்கின்றன. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து மண் துகள்களை ஒட்டவைக்கின்றன. நூல்கள் வலைபோல் பின்னிப் பிடிக்கின்றன. வெறும் வண்டலைக் கிளப்பிவிடும் வேகத்தில் தண்ணீர் வந்தாலும், படலம் மூடிய வண்டல் அசையாமல் கிடக்கும். வழித்துவிட்டால் அந்த மண் அடுத்த மழையோடு ஆற்றில் இறங்கும். கொத்மலை, காசல்ரீ போன்ற நீர்த்தேக்கங்கள்தான் அதைச் சுமக்க வேண்டும். கான் (வடிகால்) அடைத்துக்கொண்டால் மண்ணை அள்ளத்தான் வேண்டும். ஆனால் அடைத்த இடத்தோடு நிறுத்துங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது மருந்து டாங்கி. தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிக்கிறோம், வேலை முடிந்ததும் டாங்கியை ஓடையில் அலசுகிறோம். பூஞ்சையைக் கொல்லும் செம்பு டயட்டம்களையும் பாசிகளையும் விடாது. அவை செத்தால் பசை சுரக்க ஆளில்லை, மண்ணின் பிடி தளரும். ஓடைக்குத் தள்ளி அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடித்த செடிகளுக்கே தெளித்துவிடுங்கள்.

நுவரெலியாப் பக்கம் கிழங்கு, லீக்ஸ் போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உரம் கூடி ஓடையில் இறங்கினால் படலம் தடிக்கும், ஆனால் அது நல்லதல்ல. தடித்த படலத்துக்குள் ஆக்சிஜன் குமிழ்கள் சிக்க, அது அடிமண்ணையும் இழுத்துக்கொண்டு பாய்போல் மேலெழும். குளத்தில் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் மேலே மிதக்கும் பாசி வேறு. அது வெளிச்சத்தை மறைத்து அடிப்படலத்தைக் கெடுக்கும். அதில் சில வகை நஞ்சும் சுரக்கும், மாட்டுக்குக்கூட அந்தத் தண்ணீர் வேண்டாம்.

சரி, படலம் பார்த்துக்கொள்ளும் என்று சரிவை வெறுமண்ணாக விடலாமா? கூடாது. மெல்லிய படிவு விழுந்தால் டயட்டம்கள் ஊர்ந்து மேலே வந்துவிடும். கனத்த சேற்றுக்கு அடியில் வெளிச்சமின்றி மடியும். மே மாத மழைக்கு முன் கான்களைத் திருத்துங்கள், ஓடைக்கரைப் புல்லை அப்படியே விடுங்கள்.