ரவுட்டரில் போர்ட் போதவில்லையா? சின்ன சுவிட்ச் ஒன்று காணும்

ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டரில் பெரும்பாலும் நாலு லான் போர்ட்தான் (நெட் வயர் செருகும் ஓட்டை). அதே இணைப்பில் வரும் பியோ டிவி உள்ள வீட்டில் அதில் ஒன்று டிவிப் பெட்டிக்குப் போய்விடும். கம்ப்யூட்டர், கமரா ரெக்கோடர், பிரிண்டர் என்று கொழுவினால் இடம் முடிந்தது. இதற்காக ரவுட்டரை மாற்ற வேண்டாம். ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் சின்னப் பெட்டியான 'அன்மனேஜ்ட் சுவிட்ச்' ஒன்று வாங்கினால் சரி. செட்டிங் எதுவும் செய்யத் தேவையில்லை.

கணக்கைப் பார்த்து வாங்குங்கள். ரவுட்டரில் ஒரு போர்ட்டும் சுவிட்சில் ஒரு போர்ட்டும் இரண்டையும் இணைக்கவே செலவாகும். ஆக 5 போர்ட் சுவிட்சால் கூடுவது மூன்று, 8 போர்ட்டால் ஆறு. விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால் 8 போர்ட்டையே எடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கம்ப்யூட்டர் கடைகளில் கேட்கும்போது 'கிகாபிட்' (1000 எம்பிபிஎஸ்) என்று சொல்லிக் கேளுங்கள். பெட்டியில் 10/100 மட்டும் இருந்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். ஒரு போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் மலிவு ஸ்ப்ளிட்டர் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் ஓடாது.

சுவிட்சை அதன் சொந்த அடாப்டரில் போட்டு, ரவுட்டரின் சாதாரண லான் போர்ட்டிலிருந்து வயரைக் கொண்டுவந்து எந்த ஓட்டையிலும் செருகுங்கள். லைட் எரிந்தால் வேலை முடிந்தது. டிவிக்கு ஒதுக்கிய போர்ட்டில் செருகினால் லைட் எரியும், ஆனால் இன்டர்நெட் வராது. சுவிட்ச் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

அடாப்டரில் கவனம். ரவுட்டருடையது பெரும்பாலும் 12 வோல்ட், சின்ன சுவிட்சுகள் பல 5 வோல்ட். முனை ஒரே அளவாக இருந்து மாற்றிக் கொழுவினால் சுவிட்ச் கருகிவிடும். இரண்டிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதி வையுங்கள்.

வயர் கேட் 5இ (Cat 5e) வகை போதும், 100 மீற்றர் வரை இழுக்கலாம். கம்பி ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் முறியும். வயரின் பிளாஸ்டிக் முனையை நீங்களே அடிப்பதாக இருந்தால் இரு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நீலமோ மண்ணிறமோ விட்டுப்போனால் வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். வெள்ளவத்தையில் கடற்காற்று படும் பிளாட் என்றால் முனையின் உலோகப் பற்களில் பச்சை படிகிறதா என்றும் பாருங்கள். படிந்தால் வெட்டிவிட்டுப் புது முனை அடிப்பதுதான் வழி.

வீடு முழுக்க நெட் திடீரென்று செத்து, சுவிட்சின் எல்லா லைட்டும் ஒன்றாகத் துடித்தால், பெரும்பாலும் ஒரே வயரின் இரு முனையும் சுவிட்சிலேயே செருகியிருக்கும். ஒன்றைக் கழற்றுங்கள்.

ஐப்பசி இடி நேரத்தில் பிளக்கை மட்டும் கழற்றினால் காணாது. ஃபைபர் கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது. மொட்டைமாடிக் கமராவுக்குப் போகும் செம்பு வயர் கடத்தும். அதையும் சுவிட்சிலிருந்து உருவிவிடுங்கள்.